மலை ஏறும்போது மட்டும் திணறி நிற்கும் மாருதி 800: பெட்ரோல் எந்த இடத்தில் தடைபடுகிறது?

பொள்ளாச்சி_800

1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காத்தோட கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) வச்ச வண்டி. சமதரையில 60, 70ல எந்தக் குறையும் இல்ல. ஆழியார் தாண்டி வால்பாறை மேடு ஏற ஆரம்பிச்சா நாலஞ்சு கொண்டை ஊசி வளைவுக்குள்ள இழுவை குறையுது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்னும் திணறுது, காலைக் கொஞ்சம் எடுத்தா சமாளிக்குது, அப்புறம் ஆஃப். அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு சாவி போட்டா ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. திரும்ப மூணு வளைவு, திரும்ப அதே கதை.

இதுவரை மாத்தினது: பெட்ரோல் பில்டர், மூணு பிளக், பிளக் ஒயர். அடுத்து பெட்ரோல் பம்ப் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

ஸ்பேனர்பெட்டி

இப்ப வேண்டாம் தம்பி. முதல்ல இது பெட்ரோலா கரண்டான்னு முடிவு பண்ணணும். நீங்க சொல்ற குறி பெட்ரோல் பக்கம்தான் சாயுது. கரண்ட் போனா ஸ்விட்சை அணைச்ச மாதிரி பட்டுனு நிக்கும். பெட்ரோல் பத்தலேன்னா இழுவை கரைஞ்சு கரைஞ்சு போகும், காலை எடுத்தா கொஞ்சம் மீளும். ஆனா சூடானா சாகுற காயிலும் (பிளக் பொறிக்குக் கரண்ட் தர்ற பாகம்) அஞ்சு நிமிஷம் ஆறினா உயிர் வரும். அதனால குறியை மட்டும் நம்பிப் பொருள் வாங்கக் கூடாது.

வண்டி நின்ன அந்த நொடியில செய்ய வேண்டிய சோதனை ஒண்ணு இருக்கு. இன்ஜின் நின்னதும் சாவியை அணைங்க. ஏர் கிளீனர் மூடியைக் கழட்டி, கார்புரேட்டர் வாயைப் பக்கவாட்டிலிருந்து பாருங்க. முகத்தை நேர் மேலே கொண்டு போக வேண்டாம். த்ராட்டில் லீவரை (ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா அசையுற கை) கையால ஒரே இழுப்பா இழுங்க. ஆக்ஸிலரேட்டர் பம்ப் (மிதிச்ச உடனே கூடுதல் பெட்ரோல் பீச்சுற, கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கிற குட்டிப் பம்ப்) குழாயிலிருந்து பெட்ரோல் கம்பி மாதிரி பீச்சணும். பீச்சினா ப்ளோட் சேம்பர்ல (கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற சின்ன அறை) பெட்ரோல் இருக்கு, காயில் பக்கம் போங்க. பீச்சலைன்னா, சொட்டு சொட்டா வந்து நின்னா, சேம்பர் காலி.

இதை வீட்டுல, நல்லா ஓடுற நிலைமையில ஒரு தடவை செஞ்சு பார்த்துக்கங்க. ஆக்ஸிலரேட்டர் பம்ப்போட டயஃப்ரமே (உள்ள அசையுற ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருந்தா சேம்பர் நிறைஞ்சிருந்தாலும் பீச்சாது, தப்பான முடிவுக்கு வந்துடுவீங்க. சேம்பர்ல கண்ணாடி ஜன்னல் இருந்தா அதைத் துடைச்சு வைங்க. நின்ன உடனே மட்டம் எங்கே இருக்குன்னு அதுவே சொல்லிடும்.

மெயின்ஜெட்

சமதரையில் ஓடி மேட்டில் மட்டும் நிற்பது ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

60 கி.மீ. வேகத்தில், லிட்டருக்கு 18 கி.மீ. என்றால், மணிக்கு 3.3 லிட்டர்; அதாவது நிமிடத்துக்கு 55 மில்லி. அதே 796 சிசி இன்ஜின் முழு மிதியில் மேடு ஏறும்போது மணிக்கு 11 லிட்டரை நெருங்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 மில்லி. தேவை மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது.

இப்போது வழியில் எங்கோ அடைப்பு, நிமிடத்துக்கு 100 மில்லிதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரைக்கு அது தாராளம். மேட்டில் நிமிடத்துக்கு 80 மில்லி பற்றாக்குறை. ப்ளோட் சேம்பர் 40 மில்லி பிடிக்கும் என்றால் அரை நிமிட முழு மிதியில் காலி. கொண்டை ஊசி வளைவில் கால் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிரம்பும், அதனால்தான் நாலைந்து வளைவு தாங்குகிறது. கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) அடைப்பு என்றால் இந்த மாதிரி வளைவு எண்ணிக்கொண்டு நிற்காது. முதல் மேட்டிலேயே, மிதித்த உடனேயே தெரியும். தாமதமாக வரும் திணறல் என்றால் சேம்பருக்கு முந்தைய பகுதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திண்டுக்கல்_கியர்

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டி. பம்ப் பெரிய விலை இல்ல, ரெண்டு நட்டு. மாத்திட்டுப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு சோதனை?

ஸ்பேனர்பெட்டி

மாத்தினா தெரியாது, அதுதான் சிக்கல். இழுக்குற பக்கம் பாதி அடைப்பா இருந்தா, புதுப் பம்ப்போட டயஃப்ரம் கொஞ்சம் பலமா இழுக்கும். பத்து நாள் சரியான மாதிரி இருக்கும். அடைப்பு இன்னும் கூடினதும் பழையபடி நிக்கும். அப்ப "புதுப் பம்ப்பும் டூப்ளிகேட்"னு இன்னொண்ணு வாங்குவோம்.

இன்னொரு விஷயம். 800 பம்ப்புல மூணு குழாய் முனை: டேங்கிலிருந்து வர்றது, கார்புரேட்டருக்குப் போறது, டேங்குக்குத் திரும்புறது. கடையில சில நேரம் ரெண்டு முனைப் பம்ப்பைக் கொடுத்து ரிட்டர்ன் ஹோஸை அடைக்கச் சொல்வாங்க. செய்யாதீங்க. ரிட்டர்ன் ஓட்டம்தான் பம்ப்பைக் குளிர வைக்குது, ஆவியை டேங்குக்கு அனுப்புது. பம்ப் சிலிண்டர் ஹெட்டிலேயே உக்காந்திருக்கிற இன்ஜின்ல அதை அடைச்சா வெயில்ல வேற நோய் ஆரம்பிக்கும்.

பம்ப்புக்கு அடியில வர்ற தடிச்ச இன்சுலேட்டர், பேக்கிங் தாள் ரெண்டையும் பழைய அளவிலேயே போடணும். தடிமன் கூடினா இன்ஜினோட சுத்துற கேம், பம்ப் லீவரை முழுசாத் தள்ளாது, ஸ்ட்ரோக் குறையும், பெட்ரோலும் குறையும். குறைஞ்சா லீவர் அளவுக்கு மேல மிதிபடும்.

கோவை_கேஜ்

பம்ப்பைக் கழட்டாமலேயே அது நல்லதா கெட்டதா என்று பத்து நிமிடத்தில் சொல்லலாம். தேவை: மில்லி அளவு போட்ட பாட்டில், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், மூடியுள்ள சின்ன உலோக கேன், உதவிக்கு ஒரு ஆள், பக்கத்தில் தீயணைப்பான். திறந்த வெளியில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும்.

காயிலின் 12 வோல்ட் ஒயரைக் கழட்டி டேப் சுற்றி விடுங்கள். நடு ஹெச்டி (உயர் மின்னழுத்த) ஒயரை மட்டும் உருவி அந்தரத்தில் விட்டால் அது எங்காவது பொறி விடும். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் அது ஆபத்து.

கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழட்டி, நீட்டித்து பாட்டிலுக்குள் விடுங்கள். 15 வினாடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும். ஒவ்வொரு துடிப்பிலும் பெட்ரோல் தெறித்து விழ வேண்டும். 15 வினாடியில் 50 மில்லிக்கு மேல் வந்தால் கவலை இல்லை. நல்ல பம்ப் 70, 80 கூடக் கொடுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் இந்த எண் குறையும், எனவே முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

அளவு குறைந்தால் உடனே பம்ப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸைப் பம்ப் வாயில் கழட்டி நுனியை அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு ஹோஸைப் பம்ப் வாயில் மாட்டுங்கள். மறுபடி 15 வினாடி. டேங்கிலிருந்து 25, கேனிலிருந்து 80 என்றால் பம்ப் நல்லது, அடைப்பு பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில். இரண்டிலும் 25 என்றால்தான் பம்ப். மொத்த வழியையும் பாதியாகப் பிளந்து பார்க்கும் சோதனை இது. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

கேனை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கூடாது. பானெட்டுக்குள் தளும்பும் பெட்ரோல், பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட். நின்ற இடத்தில் ஸ்டார்ட்டரால் மட்டும்.

அழுத்தம் அளக்கும் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியம். இந்த வகை மெக்கானிக்கல் பம்ப்புகள் பொதுவாக 3 முதல் 4 பிஎஸ்ஐ தள்ளும். இழுக்கும் பக்கம் 8 முதல் 10 அங்குல பாதரச வெற்றிடம் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டரை நிறுத்தியதும் முள் அங்கேயே சில வினாடி நிற்க வேண்டும். உடனே விழுந்தால் உள்ளே வால்வு மூடவில்லை.

மெயின்ஜெட்

இதோடு டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். பம்ப் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். ஆயில் மட்டம் தானாக ஏறியிருக்கும், தண்ணியாக இருக்கும், முகர்ந்தால் தெரியும். அப்படியிருந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். பம்ப்போடு ஆயிலும் ஆயில் பில்டரும் மாற வேண்டும். நீர்த்த ஆயிலோடு ஓடினால் பேரிங் போகும், அந்தச் செலவு பம்ப் செலவு போல இருபது மடங்கு.

பொள்ளாச்சி_800

ரெண்டு நாள் உக்காந்து எல்லாம் செஞ்சாச்சு.

வீட்டுல த்ராட்டிலை இழுத்தா நல்லா பீச்சுது. மேட்டுல நின்ன உடனே இழுத்தேன், ஒரு சொட்டுகூட இல்ல. நின்ன இடத்துல பெட்ரோல் மூடியைத் திறந்தும் பார்த்தேன், உஸ்ஸுனு சத்தம் எதுவும் இல்ல. மூடி திறந்த நிலையிலயும் ஸ்டார்ட்டர்ல பீச்சல் சீக்கிரம் திரும்பல. ஆயில் மட்டம் சரி, வாசனை இல்ல.

பாட்டில் அளவு: டேங்கிலிருந்து 30 மில்லி, ரெண்டாவது தடவை 22. கேனிலிருந்து 75, ரெண்டாவது தடவையும் 75.

கோவை_கேஜ்

அருமையான அளவு. பம்ப்பை மறந்துவிடுங்கள். டேங்கிலிருந்து எடுத்தபோது இரண்டாம் முறை இன்னும் குறைந்ததைக் கவனியுங்கள். இழுக்க இழுக்க எதுவோ வந்து அடைக்கிறது. நிறுத்தினால் இழுவை நின்று அது நகர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் உயிர் வருவதற்கு அதுதான் காரணம். மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் இதே குறிதான் வரும், ஆனால் திறக்கும்போது காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டிருக்கும். அதை நீங்களே தள்ளிவிட்டீர்கள்.

மீதி மூன்று சந்தேகம்: உள்ளே சுருங்கும் ரப்பர் ஹோஸ், கீழே போகும் இரும்புக் குழாய், டேங்குக்குள் ஸ்ட்ரெய்னர் (பெட்ரோலை வடிகட்டும் வலை).

ஸ்பேனர்பெட்டி

ஹோஸை முதல்ல முடிச்சுடலாம். டேங்குகிட்ட ஒரு துண்டு, இன்ஜின்கிட்ட ஒரு துண்டு இருக்கும். விரலால மடக்கிப் பாருங்க. மேலே வெடிப்புத் தெரிஞ்சா காத்து இழுக்கும், பெட்ரோல் வெளியே ஒழுகாது. இழுக்குற பக்கத்துல ஓட்டை இருந்தா ஒழுகாதுங்கிறதாலதான் பல பேர் தவற விடுறாங்க. பம்ப்புக்கு முன்னாடி ஒரு ஜாண் கண்ணாடி மாதிரி தெரியுற ஹோஸை மாட்டி ஐட்லிங்ல பாருங்க. குமிழி வரிசையா வந்தா காத்து இழுக்குது. குமிழி இல்லாம ஓட்டம் மட்டும் மெலிஞ்சா அடைப்பு. சோதனை முடிஞ்சதும் அந்த ஹோஸைக் கழட்டிடுங்க, இன்ஜின் சூட்டுக்கு அது தாங்காது.

ஹோஸ் வெளியே நல்லா இருந்து உள்தோல் உரிஞ்சு தொங்குறதும் உண்டு. வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும். வயசான ஹோஸைச் சந்தேகம் இருந்தாலும் இல்லாட்டாலும் மாத்திடுங்க.

அடுத்து பம்ப் வாய் ஹோஸைக் கழட்டி, பெட்ரோல் மூடியைத் திறந்து வச்சு, சைக்கிள் பம்ப்பால டேங்கை நோக்கி ஊதுங்க. டேங்க் வாயில காதை வச்சு ஒரு ஆள் கேக்கணும். குமிழி சத்தம் தாராளமா வரணும். கம்ப்ரசரை முழு அழுத்தத்துல விடாதீங்க, ஸ்ட்ரெய்னர் கிழியும், இல்ல கழண்டு விழும். ஊதின உடனே பாட்டில் அளவை மறுபடி எடுங்க. ஊதினதும் 75 ஆகி, நாலு நாள் கழிச்சு மறுபடி 30க்கு வந்தா குப்பை டேங்குல இருக்குன்னு உறுதி. ஊதுறது சோதனைதான், வைத்தியம் இல்ல. பம்ப்பு வழியாவோ கார்புரேட்டர் பக்கமோ ஊதவே கூடாது, வால்வும் ப்ளோட்டும் போயிடும்.

திண்டுக்கல்_கியர்

பம்ப் பத்தி நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஒரு கேள்வி. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலும் இதுக்குக் காரணமா இருக்குமா? எல்லா பழைய வண்டிக்கும் அதையே சொல்றாங்க.

மெயின்ஜெட்

எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பது சோம்பல். ஆனால் மூன்று இடத்தில் அதற்கு உண்மையான பங்கு உண்டு. 2022 நடுவில் 10 சதவீதமாக இருந்த கலப்பு 2025ல் 20 சதவீதம் ஆனது. இந்த வண்டி அதை நினைத்துச் செய்ததல்ல.

ஒன்று, எத்தனால் பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும். அது ஸ்ட்ரெய்னரிலும் பில்டரிலும் வந்து சேரும். இரண்டு, பழைய ரப்பரை ஊதவோ இறுக்கவோ செய்யும்: ஹோஸ், பம்ப் டயஃப்ரம், ரப்பர் நுனி நீடில் வால்வ் (ப்ளோட் சேம்பருக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஊசி). புது ஹோஸ் வாங்கும்போது உள்பக்கம் வைட்டான் வகை ரப்பர் உள்ளதைக் கேளுங்கள். ஆர்9 என்று ஹோஸ் மேலேயே அச்சிட்டிருக்கும். மூன்று, தண்ணீர். எத்தனால் ஈரத்தை வாங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது முக்கியம், தினமும் ஓடும் வண்டிக்கு அவ்வளவு இல்லை.

உங்கள் பெட்ரோலில் எவ்வளவு என்று பார்க்க: 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, சில நிமிடம் நிற்க விடுங்கள். அடி அடுக்கு 28 மில்லி அளவுக்கு ஏறினால் கூடுதலான 18 எத்தனால். 90ல் 18 என்றால் 20 சதவீதம். தோராயமான கணக்குதான், ஆனால் போதும்.

கலவை விகிதத்தையும் பாருங்கள். வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5. அதே ஜெட்டில் இன்ஜினுக்கு 8 சதவீதம் போல எரிபொருள் குறைவாகப் போகிறது. ஜெட் விட்டத்தில் கணக்குப் போட்டால் 4 சதவீதம். மெயின் ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்க வேண்டாம். வேண்டுமென்றால் ஒரு நம்பர் கூடுதலான ஜெட் வாங்கிப் போட்டு, பிளக் நிறம் பாருங்கள். ஆனால் அடைப்பைச் சரி செய்வதற்கு முன் ஜெட்டைத் தொட்டால் இரண்டு கோளாறு ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மேட்டூர்_அம்பி

அம்பாசிடர் பெட்ரோல் வண்டி. எனக்கு வேற மாதிரி. ஓடும்போது சரியா ஓடுது. வெயில்ல ஓட்டிட்டு வந்து கால் மணி நேரம் நிறுத்தினா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அரை மணி கழிச்சு ஆகுது. இதுவும் அடைப்பா?

கோவை_கேஜ்

இல்லை ஐயா. சூட்டில் இரண்டு எதிர் எதிர்க் கோளாறு வரும், வைத்தியமும் எதிர் எதிர்.

ஒன்று, நிறுத்திய பிறகு இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் (கலவை இன்ஜினுக்குப் போகும் குழாய்) வழியும். பெட்ரோல் வாசனை அடிக்கும், பிளக் ஈரமாக இருக்கும், ஸ்டார்ட் ஆனதும் கருப்புப் புகை. இதற்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இன்னும் ஊற்றும். சோக் இழுக்கவே கூடாது. நிரந்தர வைத்தியம்: கார்புரேட்டருக்கு அடியிலுள்ள இன்சுலேட்டர் பிளாக் இருக்கிறதா என்று பார்ப்பது, ப்ளோட் மட்டத்தைச் சரி செய்வது.

இன்னொன்று, பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆவது. பிளக் காய்ந்திருக்கும், த்ராட்டிலை இழுத்தால் பீச்சாது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் சில நிமிடத்தில் சரியாகும். சூடான எக்ஸாஸ்ட் மேல் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் தள்ளிக் கட்டி, நடுவில் தகடு வையுங்கள்.

அடுத்த முறை நின்றதும் ஒரு பிளக்கைக் கழட்டிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

பொள்ளாச்சி_800

ஊதிப் பார்த்தேன். முதல்ல கெட்டியா இருந்துச்சு, அப்புறம் பட்டுனு விட்டுக் குமிழி வந்துச்சு. அளவு 70. ஆறு நாள்ல 35. டேங்கை இறக்கப் போறேன். கவனிக்க வேண்டியது என்ன? உள்ள துரு இருந்தா வெல்டிங் கடையில அடிப்பக்கம் வெட்டிச் சுத்தம் பண்ணித் தர்றேங்கிறாங்க.

ஸ்பேனர்பெட்டி

வேண்டவே வேண்டாம். நிறைஞ்ச டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. காத்துல 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாப் போதும், வெடிக்கும். கழுவின டேங்கோட மடிப்புக்குள்ள நிக்கிற பெட்ரோல் சூட்டுல மறுபடி ஆவியாகும். தீ, கிரைண்டர் எதுவும் கிட்ட வரக் கூடாது.

பெட்ரோலை உலோக கேன்ல இறக்குங்க. பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. டேங்கை ஜாக்கியில பலகை வச்சுத் தாங்கிக்கிட்டு போல்ட்டைக் கழட்டி, கொஞ்சம் இறக்கி ஹோஸ், கேஜ் ஒயர் எது எங்கேன்னு போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க. மெயின் ஹோஸும் ரிட்டர்ன் ஹோஸும் மாறிப் போனா வேலையெல்லாம் வீண்.

மேலாகப் படிஞ்ச துருன்னா, சோப்புத் தண்ணியில ரெண்டு மூணு தடவை கழுவி, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்குங்க. எண்ணித்தான் வெளியே எடுக்கணும். ஆசிட் ஊத்தினா உள்பூச்சும் சேர்ந்து போயிடும், அடுத்த மழைக்காலத்துல இதைவிட அதிகத் துரு. கழுவினதும் வெயில்ல நல்லாக் காய வச்சு, கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி அலசிக் கொட்டுங்க. அடியில ஊசித் துளை இருந்தாலோ, துரு செதில் செதிலா வந்தாலோ சுத்தம் பண்ணாதீங்க, வேற டேங்க் பாருங்க.

பொள்ளாச்சி_800

இறக்கியாச்சு. ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கப் பழுப்புப் பிசின், அதுல துருப் பொடி ஒட்டி ஒரு பக்கம் மொத்தமா மூடியிருக்கு. டேங்க் அடி மேலாகத்தான் துரு, செதில் இல்ல. கழுவி, புது ஸ்ட்ரெய்னர், ரெண்டு பக்கமும் ஆர்9 ஹோஸ், புது கிளிப், புது பில்டர். அளவு எடுத்தேன்: 75, 75, 75. நேத்து ஆழியார்ல ஆரம்பிச்சு நாப்பது வளைவும் ரெண்டாவது மூணாவது கியர்ல முழு மிதி, ஒரு இடத்துலகூட இழுவை குறையல.

பழைய பம்ப்பையே விட்டுடலாமா?

கோவை_கேஜ்

விடலாம். அளவு சொல்கிறதே. பில்டரை மட்டும் 500 கி.மீ.யில் ஒருமுறை வெட்டிப் பாருங்கள், கழுவியும் தங்கிய பொடி அதில் வந்து சேரும். பில்டர் ஒன்றுதான் இருக்க வேண்டும், பாதுகாப்புக்கு என்று இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். அதுவும் இழுவைக்குத் தடைதான்.

ஸ்பேனர்பெட்டி

ப்ளோட் சேம்பர் மூடியையும் ஒரு தடவை திறந்து அடியில பாருங்க தம்பி. இவ்வளவு நாள் பில்டரைத் தாண்டிப் போன நைசுப் பொடி அங்கே படிஞ்சிருக்கும். ஜெட்டைக் கழட்டி ஊதுங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க. நீடில் வால்வ் நுனியில வளையமாத் தடம் விழுந்திருந்தா அதையும் இருக்கையையும் ஜோடியா மாத்துங்க. மூடும்போது புது பேக்கிங்.